சுரண்டாத பெயர்

பெயரை மாற்றி, அணைத்து எழுப்பியும் அந்த சர்வர் பழைய பெயரைத்தான் சொன்னது: செல்வநாயகி.

கார்குழலிக்கு எரிச்சலாக இருந்தது. காசிமேட்டில், படகுகள் கடலில் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் சின்ன அலுவலகம் அது. ஒவ்வொரு விசைப்படகுக்கும் ஒரு சர்வர், படகின் பெயரே அதற்கும். செல்வநாயகி போன ஐப்பசியில் ஆட்களோடு போனது, திரும்பவில்லை. அதன் சர்வர் சும்மா கிடப்பானேன் என்று இன்று காலை அதற்கு முத்துமாரி என்று ஹோஸ்ட்நேம் கொடுத்தாள். முத்துமாரி என்ற புதுப் படகில்தான் அவள் கணவன் குமாரவேல் போயிருந்தான். மாலைக்குள் கரை சேர வேண்டும்.

மழை பிடித்து, பகலிலேயே விளக்குப் போடும்படி இருட்டியிருந்தது. கருவாடும் டீசலும் எப்போதும் மணக்கும் அந்த அறையில், ஏசியின் முனகலுக்கு அடியில், நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய மரத்தின் வாடை மெல்ல எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தாள். தரை ஈரமாக இருந்தது.

வயர்லெஸ்ஸில் படகுகளோடு பேசும் ஷாகுல் ஹமீது ஹெட்போனைக் கழற்றினார்.

“இன்னாம்மா இது, முத்துமாரிய கூப்ட்டா செல்வநாயகின்னு பதில் வருது?”

“பேர மாத்திட்டேன் பாய். எங்கியோ மிச்சம் கீது.”

“பழச சொரண்டுனியா, மேலயே எழுதிட்டியா?”

பழைய படகுக்குப் புதுப்பெயர் எழுதுமுன் பழையதை மரம் தெரியச் சுரண்டுவார்கள். இரண்டு பெயர் இருந்தால் கடல் பழைய பெயரைத்தான் கூப்பிடுமாம். மீனவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாதா என்ன. சர்வரின் பெயர்கள் பதிவாகும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தாள். ஒரே முகவரிக்கு இரண்டு பெயர்கள். மேலே செல்வநாயகி. கீழே முத்துமாரி.

மேல் வரியை அழித்தாள். சேமித்தாள். சர்வரிடம் மறுபடி பெயர் கேட்டாள்.

செல்வநாயகி.

வயர்லெஸ் கரகரத்தது. குமாரவேலின் குரல், மூச்சு வாங்கியபடி.

“குழலி, வலைய புடிச்சிகினு ஆளுங்க மேல ஏறிகினு கீறாங்க. வேற பேரு சொல்லி கூப்புட்றாங்க. இன்னா சொல்லட்டும்?”

“பதில் சொல்லாத மாமா. சொல்லாத.”

நீண்ட இரைச்சல். பிறகு அதே குரல், நிதானமாக.

“செல்வநாயகி. கரைக்கு வர்றோம்.”

ஜன்னலுக்கு ஓடினாள். மழைக்குள் முத்துமாரி வந்துகொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. முகப்பில் புதுப் பெயின்ட் உரிந்து தொங்கியது. அடியில் வேறு எழுத்துகள். மேல்தளத்தில் ஆட்கள். போனவர்களைவிட அதிகம். எல்லாரும் தலை குனிந்து. கடைசியில் அவன்.

கல்யாணமாகி முதல் முறையாகப் பெயர் சொல்லி அழைத்தாள். “குமாரவேலு.”

அவன் அசையவில்லை.

அவளுக்குப் பின்னால் ஷாகுல் ஹமீது திரையில் இருந்த பெயரை மைக்கில் சொன்னார்.

படகில் எல்லாரும் ஒன்றாகத் தலை தூக்கினார்கள். அவனும்.