மிதிக்கும் கால்

என் மகனும் மருமகளும் அன்று காலை வந்து இறங்கினார்கள். மருமகளின் தோளில் நான்கு மாதப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் பேத்தியை வெறும் வீட்டுக்குள் அழைக்க எனக்கு மனமில்லை. பரணிலிருந்து எங்கள் குழந்தை வண்டியை இறக்கித் துடைத்து, கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தேன். கறுப்புக் குடை, உயரமான சக்கரங்கள், பித்தளைக் கைப்பிடி. அப்பா வாங்கியது.

மருமகள் குழந்தையை மகனிடம் கொடுத்துவிட்டு வண்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இடுப்புக்கு மட்டும்தான் வார் இருக்கு மாமா. தோளுக்கும், காலுக்கு நடுவுலயும் இருக்கணும். இல்லன்னா வழுக்கி இறங்கிடுவா."

"நாங்கள்லாம் வழுக்கலையேம்மா."

"பிரேக்கும் ஒரு சக்கரத்தைத்தான் பிடிக்குது. நாங்க புது வண்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம். முழுசா படுக்க வைக்கலாம். ஒரு மிதி மிதிச்சா ரெண்டு சக்கரமும் பூட்டிக்கும். நம்ம மணிக்கட்டுல மாட்டிக்க ஒரு வாரும் உண்டு."

"நாயைக் கூட்டிட்டுப் போற மாதிரியா?" என்றேன். மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் இதுலதான் வளர்ந்தோம்."

"எல்லாருமா மாமா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த படத்தில், என் அம்மாவின் மடியிலிருந்த கைக்குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். அது என் தம்பி. காய்ச்சலில் போனான் என்று வெளியே சொல்வோம். வீட்டுக்குள் பேச்சு வேறு. அக்கா தெருச் சரிவில் வண்டியைக் கைநழுவ விட்டுவிட்டாள் என்போம். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகும் சிறுமி. அதற்குப் பிறகு யாரும் அவள் கையில் குழந்தையைக் கொடுத்ததில்லை. என் மகன் பிறந்தபோது நானும் கொடுக்கவில்லை. பின்னறையில், தைல வாசனைக்குள்ளேயே வாழ்ந்து, போன வருஷம் இறந்துபோனாள்.

"எல்லாரும்தான்," என்றேன். "ஒரு குறையும் இல்லாம."

டக்.

வண்டியின் பிரேக் மிதி தானாகக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் யாருடைய காலும் இல்லை.

பழைய இரும்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மகன் கடைக்குப் போயிருந்தான். மருமகள் குளிக்கப் போனாள். நான் பேத்தியை வண்டியில் படுக்க வைத்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கள் வண்டியில் போவதைத் தெரு பார்க்கட்டும் என்று நினைத்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் சக்கரம் பூட்டிக்கொண்டது. மிதியைத் தூக்கிவிட்டேன். மறுபடி பூட்டிக்கொண்டது. குனிந்தபோது தைல வாசனை அடித்தது.

கோபத்தோடு மிதியைத் தூக்கிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

எங்கள் தெரு பெரிய சாலையை நோக்கிச் சரிந்து போகும். எதிர்வீட்டு வக்கீல் ஒரு பரிசுப் பொட்டலத்தோடு வந்தார். "பேத்திக்கு," என்று நீட்டினார்.

யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு கையால் வாங்கினால் அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கச் சொல்வார்.

நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

வண்டி நகரும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

திரும்பியபோது அது எட்டாத தூரத்தில் இருந்தது. ஓடினேன். செருப்பு கழன்றது. சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. கத்த வாய் திறந்தேன்.

டக்.

சாலையின் விளிம்பில் வண்டி நின்றது. லாரியின் காற்றில் குடை படபடத்தது. பேத்தி கண் விழித்து, கைப்பிடிக்கு மேலே, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மிதி கீழே இறங்கியிருந்தது. பிரேக்கே பிடிக்காத அந்த இன்னொரு சக்கரமும் அசையவில்லை.

வக்கீல் மூச்சு வாங்க வந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்கப்பாவும் அன்னிக்கு உங்க தம்பி வண்டியை விட்டுட்டு இப்படித்தான் ரெண்டு கையையும் நீட்டினார். எங்கப்பா ஏதோ கொடுத்தார். நான் சின்னப் பையன், எங்க திண்ணையில உட்கார்ந்து பார்த்துட்டிருந்தேன்."

"அக்கா...?"

"அவ பள்ளிக்கூடத்துல இருந்தா. என்னை யாரும் கேக்கல. பெரியவங்க சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் தைல வாசனை என்னோடு கூடவே வந்தது. வாசலில் மருமகள் ஈரத் தலையோடு நின்றிருந்தாள். குழந்தையை வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். "என்ன ஆச்சு மாமா?"

நீதான் குழந்தையை விட்டுவிட்டுக் குளிக்கப் போனாய். வார்த்தைகள் தயாராக நாக்கில் நின்றன. அப்பாவுக்கும் அன்று இப்படித்தான் வந்திருக்கும்.

"நீதான்..." என்று ஆரம்பித்தேன்.

வண்டி என் கைக்குள் நடுங்கியது.

"நான்தாம்மா கையை விட்டேன்," என்றேன். "பிரேக் போடல. நீ சொன்னதைக் கேக்கல." பிறகு அக்காவைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் புது வண்டி வந்தது. மருமகள் பேத்தியைப் படுக்க வைத்து ஒவ்வொரு வாராகப் பூட்டி, சக்கரங்களைத் தள்ளிப் பார்த்து, என் மணிக்கட்டிலும் வாரை மாட்டினாள். நான் பள்ளிப் பிள்ளையைப் போலக் கையை நீட்டினேன். கூடத்திலேயே ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்தேன். தண்ணீர் கேட்டேன். அவள் சமையலறையிலிருந்து டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

பழக்கம். இரண்டு கையும் டம்ளரை நோக்கிப் போய்விட்டன.

டக்.

நாங்கள் இருவரும் மிதியைப் பார்த்தோம். கீழே இறங்கியிருந்தது. அவள் நின்றது ஓரடி தள்ளி. என் கால்கள் அசையவே இல்லை. தைல வாசனை அடித்தது.

இந்த வீட்டில் என் கையை நம்பிக் குழந்தையைக் கொடுக்காத ஒருத்தி இருக்கிறாள்.