கடல்மேட்டில் ஒரு பிடி சோறு

மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்குப் பூங்கா நாள் வரும். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் வாயெல்லாம் பல்லாக இருக்காது. விடிந்ததும் என் மனைவி செண்பகவல்லி புளிச்சோறு கட்டுவாள். நான் மூன்று சுமைச் சட்டைகளின் பைகளிலும் மணலை நிரப்புவேன். மகள் நறுமுகை தன் சட்டையைக் கண்டதுமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பிறகு மிதவைக் குடியிருப்பின் படிகளில் இறங்கிப் படகு பிடிப்போம்.

பூங்கா என்று பெயர் வைத்தவர் நல்ல வேடிக்கைக்காரராக இருக்க வேண்டும். கடல் விழுங்கிய சென்னையின் ஓர் ஓரத்தை இடிபாடும் சேறும் கொட்டி மீட்டிருந்தார்கள். புல் விதைத்து, கன்று நட்டு, பெஞ்சும் போட்டார்கள். மண் மட்டும் கொழகொழவென்றே கிடந்தது. இயந்திரம் ஏறினால் அப்படியே உள்ளே போய்விடும். மனிதக் கால்தான் அதற்குத் தோது. ஆகவே குடும்பத்துக்கு ஒரு சதுரம் கொடுத்தார்கள். உடம்பில் மணலைச் சுமந்துகொண்டு, வெறுங்காலோடு நடந்து நடந்து அதை நாமே இறுக்க வேண்டும். மூலையில் நிற்கும் இறுக்கமானியில் பச்சை எரிந்தால் இடம் நமக்கு, வீடு கட்டிக்கொள்ளலாம். நறுமுகை பிறப்பதற்கு முன்பே நடக்கத் தொடங்கியவர்கள் நாங்கள். என் முழங்கால் எப்போதோ போய்விட்டது.

இன்னொரு விதியும் உண்டு. ஏதாவது ஓர் உயிர் தானாக வந்து கூடு கட்டிக் குடியேறினால் அந்தச் சதுரம் அதற்குத்தான். இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வெப்ப ஆண்டுகளில் போன பறவைகள் எதுவும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

செண்பகவல்லி மட்டும் ஒவ்வொரு முறையும் சாப்பிடுவதற்கு முன் ஒரு பிடி சோற்றை எங்கள் சதுரத்தில் நின்ற பூவரசின் அடியில் வைத்து, "கா, கா" என்று கூப்பிடுவாள். வெள்ளத்தில் போன அவள் அப்பாவுக்காக. ஒரு காக்கையும் வந்ததில்லை. அடுத்த முறை போகும்போது சோறு இருக்காது. "நண்டுக்கு மாமனார் பேர்ல விருந்து" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள்.

இந்த முறை பச்சை எரிந்துவிடும் என்று எல்லோருமே சொன்னார்கள். மேற்பார்வையாளர் மதியம் வருவதாக இருந்தது. நடந்து களைத்துப் பூவரசில் சாய்ந்தவன் தற்செயலாக மேலே பார்த்தேன். இலைகளுக்கு நடுவே பழைய மின்கம்பித் துண்டுகளால் முடைந்த ஒரு கூடு. எட்டிப் பார்த்தால் நீலப்பச்சையில் முட்டைகள்.

"வல்லி, இங்க வா. சத்தம் போடாத."

அவள் பார்த்தாள். அவ்வளவு களைப்பிலும் அவள் முகம் மலர்ந்ததுதான் என்னைக் கலவரப்படுத்தியது.

"காக்காங்க! என் சோத்துக்கு வந்திருக்கு."

"வந்து நம்ம வீட்டை எடுத்துக்கிச்சு. மேடம் போற வரைக்கும் வாயத் திறக்காத. இன்னைக்கு ஒருநாள் சோறு வைக்காத."

"வைக்காம எப்படிச் சாப்பிடறது?"

"அப்ப சாப்பிட வேணாம்."

துண்டை அவிழ்த்து, வியர்வை காயப் போடுவதுபோல் அந்தக் கிளையை மறைத்துப் போட்டேன். திரும்பவும் நடந்தோம். சோற்று டப்பா திறக்கப்படாமல் பெஞ்சில் இருந்தது.

மேற்பார்வையாளர் சாந்தகுமாரி வந்து சேர்ந்த சற்று நேரத்தில் பச்சை எரிந்தது. நறுமுகை குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தானா வந்து தங்கின உயிர் ஏதாவது இருக்குங்களா?" என்று சாந்தகுமாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இல்லைங்க மேடம்."

"அம்மா, பசிக்குதும்மா. தலை சுத்துது" என்றாள் நறுமுகை.

"குழந்தைக்குப் போடுங்கம்மா. அதுக்குள்ள நான் பதிவு பண்ணிடறேன்."

செண்பகவல்லி டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளினாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் மகளைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "பிள்ளைக்குப் போடணும்ங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டுச் சோற்றை மரத்தடியில் வைத்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கருகருவென்று ஒரு காக்கை இறங்கி, கவளத்தைக் கொத்திக்கொண்டு என் துண்டுக்குள் புகுந்தது.

சாந்தகுமாரி துண்டை விலக்கிப் பார்த்தார். "ஏம்மா, கொஞ்சம் பொறுத்துச் சாப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவருக்கும் வருத்தந்தான். விளக்கை அணைத்தார். வடக்கே புதுச் சதுரம் தருவார்களாம். அங்கே இன்னும் முழங்காலளவு சேறு.

அவர் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு பழக்கத்துக்காக வீட்டையே தூக்கிக் கொடுத்துட்டியே!"

"அப்பா சாப்பிட்டாருங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இத்தனை வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே விளக்குக்காக நடந்துகொண்டிருக்கிறோம் என்றே நினைத்திருந்தேன். அவள் வேறொன்றுக்காகவும் காத்திருந்தாள் என்பதை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. கோபம் போகவில்லை. அதை வைத்துக்கொண்டிருக்கத்தான் உடம்பில் தெம்பில்லை.

படகில் நறுமுகை என் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "அடுத்த இடத்துலயும் காக்காவுக்குச் சோறு வைப்போமாப்பா?"

செண்பகவல்லி என்னைப் பார்த்தாள். சுமைச் சட்டைகளிலிருந்த மணலைக் கடலில் கொட்டப் போனவன், அடுத்த மாதத்துக்கு ஆகுமே என்று பைகளை மூடினேன்.

"வைக்காம எப்படிச் சாப்பிடறது?" என்றேன்.