பதினோரு பேரும் ஒரே வீட்டில்

கணக்கு டீச்சர் திரையில் ஒரு வீட்டின் வரைபடத்தைக் காட்டினார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"இது யாரோட வீடு?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் மூடி ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பு மொத்தமும் அவரவர் வீட்டில், போன் முன்னால் உட்கார்ந்திருந்தது.

தீக்குச்சிக்குப் பதில் தெரியும். அது அவளுடைய வீடு.

தீக்குச்சி என்பது அம்மா வைத்த செல்லப்பெயர். ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள் என்பார் அம்மா.

போன வாரம் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். அவரவர் வீட்டை அளந்து, படம் வரைந்து, ஒவ்வொரு அறையின் பரப்பளவையும் கண்டுபிடிக்க வேண்டும். தீக்குச்சியின் அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். அவருடைய டேப்பின் ஒரு முனையை அம்மா பிடிக்க, மறு முனையோடு தீக்குச்சி கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனாள். டேப்பின் நீளம் ஒன்றரை மீட்டர்தான். ஒரு சுவரை அளக்க இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

சமையலறை மூலையில் ஒரு தூண் துருத்திக்கொண்டு நிற்கும். "அதை விட்டுடலாமே" என்றார் அம்மா.

"அந்த இடத்துல போய் நிக்க முடியுமாம்மா? முடியாதில்ல? அப்ப கழிக்கணும்."

தூணைத் தனியாக அளந்தாள். கழித்தாள். அழித்து அழித்து மூன்று நாள் வரைந்தாள்.

இப்போது அதே தூண் பதினோரு படங்களில் நின்றது.

"பதினோரு பேரும் ஒரே வீட்டுலயா குடியிருக்கீங்க?" டீச்சரின் குரல் ஏறியது. "எல்லா வீட்டுலயும் சமையலறை மூலையில தூண். எல்லா வீட்டுலயும் சன்னல் பக்கத்துல 'அம்மா மெஷின்'. ஒன்பதாவது மாடி வீட்டுக்குப் பின்னாடி கோழிக்கூண்டு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"பதினோரு பேருக்கும் பூஜ்யம்."

"டீச்சர்! அது என் வீடு! நான்தான் அளந்தேன்!" தீக்குச்சி கத்தினாள்.

டீச்சர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அப்போதுதான் அவள் பார்த்தாள். மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு. எல்லோருடைய மைக்கையும் டீச்சரே அடைத்துவிட்டிருந்தார். அழுத்தினாள், திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"ஒருத்தரும் எனக்கு விளக்கம் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வகுப்பை முடித்தார். கறுத்துப்போன திரையில் தீக்குச்சியின் முகம் மட்டும் தெரிந்தது.

போனைத் தூக்கி எறிந்திருப்பாள். அது அம்மாவின் போன். அதனால் தலையணையை எறிந்தாள். அது தையல் மெஷின்மேல் விழுந்து, நூல்கண்டுகள் நாலாபக்கமும் ஓடின.

"என்னடி ஆச்சு?"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அம்மாவின் கண்கள் சிவந்தன. "டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சவ நானு! கொடு போனை. நான் கேக்குறேன் அந்த டீச்சரை."

"வேணாம்மா. நானே பேசிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒருத்திய நான் பாக்கணும்."

அந்தப் படத்தை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அனுப்பியிருந்தாள். மைனாவுக்கு. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்து உயிர்த்தோழி. 'எப்படி வரையணும்னே புரியலடி. ஒரு தடவை பாத்துட்டு அழிச்சிடுறேன்' என்று கெஞ்சியிருந்தாள்.

ஏழு தடவை கூப்பிட்டும் மைனா போனை எடுக்கவில்லை. தீக்குச்சி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். கோபத்தில் நடக்கும்போது தெரு சின்னதாகிவிடுகிறது. மூன்று தெருவையும் எப்போது தாண்டினாள் என்றே தெரியவில்லை.

மைனாவின் வீட்டு வாசலில் யாரோ ஒருவர் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களா? காலி பண்ணி ஒன்றரை மாசம் ஆச்சேம்மா. கடைத்தெருவுல சலவைக் கடை இருக்கில்ல, அங்கதான் இருக்காங்களாம்."

ஒன்றரை மாதமா! அதைக்கூடச் சொல்லவில்லையே! தினமும் வகுப்பில் மைனாவுக்குப் பின்னால் ஒரு பெரிய புத்தக அலமாரி தெரியும். போனில் வைக்கிற பொய்ப்படம்தான் அது. தலையை வேகமாக ஆட்டினால் அவளுடைய ஒரு காது புத்தகங்களுக்குள் போய்விடும். விளையாட்டுக்கு வைத்திருக்கிறாள் என்றுதான் தீக்குச்சி நினைத்திருந்தாள்.

சலவைக் கடை மைனாவின் மாமாவுடையது. அவர் இஸ்திரி போட்டுக்கொண்டே, "உள்ள இருக்கா, போம்மா" என்றார். சீட்டு குத்திய கோட்டுகளும் திரைச்சீலைகளும் வரிசை வரிசையாகத் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கடைசியில் ஒரு சின்ன அறை. அங்கே போர்வை மூட்டையின்மேல் மைனா உட்கார்ந்திருந்தாள்.

"திருடி!" என்றாள் தீக்குச்சி. "மூணு நாளு! மூணு நாளு தவழ்ந்து தவழ்ந்து அளந்தேன். முட்டி தேஞ்சு போச்சு. பாத்துட்டு அழிச்சிடுறேன்னு சொன்னியே, இதானா அது? இப்ப எனக்கும் பூஜ்யம்! நானும் காப்பி அடிச்சவளாம்!"

மைனா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து தீக்குச்சி பார்த்ததே இல்லை.

"சொல்லுடி!"

"நான் எந்த வீட்டை வரையறது?" என்று கேட்டாள் மைனா. "அப்பாவோட ஓட்டல் மூடிப் போச்சு. வீட்டை விட்டுட்டோம். மாமா வேலைய முடிச்சு அந்த இஸ்திரி மேஜைய விட்டாத்தான் எனக்குப் படுக்கை. இதையா வரைஞ்சு அனுப்பச் சொல்ற? அதான் உன் வீட்டை என் வீடுன்னு போட்டுட்டேன்."

"சரி, நீ போட்ட. மீதி ஒன்பது பேரு?"

"கிளாஸ் லீடர் கேட்டான். முடிச்சிட்டியா, காட்டுன்னான். முடிச்சதா பெருமையா காட்டினேன். அவன் குரூப்புல போட்டுட்டான்."

தீக்குச்சி சுற்றிலும் பார்த்தாள். சுருட்டி வைத்த பாய். ஒற்றை அடுப்பு. ஆணியில் தொங்கிய மைனாவின் பள்ளிப் பை. கோபத்தை யார்மேல் இறக்குவது என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனாள். மைனாமேல் கொஞ்சம், லீடர்மேல் நிறைய, மைக்கை அடைத்த டீச்சர்மேல் மலையளவு.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் சிரிச்சிருப்பேனா?"

"மாட்ட."

"அப்புறம் என்ன?"

மைனா மூக்கை உறிஞ்சினாள்.

"அழாத. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்றாள் தீக்குச்சி. பிறகு வெளியே போய், மாமாவிடமிருந்து திரைச்சீலை அளக்கும் டேப்பை வாங்கி வந்தாள். "இந்தா, பிடி."

"எதுக்கு?"

"பிடின்னா பிடி. நேரா பிடி!"

கோபமாகவே அளந்தார்கள். அந்த அறையின் ஒரு சுவர் சாய்வாக ஓடியது. ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். தீக்குச்சி தலையைச் சொறிந்தாள்.

"இது என் வீட்டைவிடக் கஷ்டமான கணக்குடி. ஒரு செவ்வகம், ஒரு முக்கோணம்னு பிரிச்சாத்தான் வரும்."

"நிஜமாவா?" மைனா முதல் தடவையாக அந்த அறையை நிமிர்ந்து பார்த்தாள்.

கிளம்பும்போது தீக்குச்சி சொன்னாள்: "இதை அனுப்புறதும் அனுப்பாததும் உன் இஷ்டம். இந்த இடத்தைப் பத்தி நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு என் வீட்டுக்காக நான் பேசுவேன்."

மறுநாளும் மைக் அடைத்தே இருந்தது. தீக்குச்சி ஒரு பெரிய அட்டையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். அதில் கொட்டை எழுத்தில், 'டீச்சர், என் மைக்கைத் திறங்க. கத்த மாட்டேன்' என்று இருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் அவளுக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை. பத்து நிமிஷம் பிடித்ததில் கை இற்றுப் போனது.

டீச்சர் கடைசியில் பார்த்துவிட்டு, எல்லோருடைய மைக்கையும் திறந்தார். "சரி, சொல்லு."

"யாரோட வீடுன்னு நேத்துக் கேட்டீங்க டீச்சர். பதில் சொல்றதுக்குள்ள எங்க வாயை அடைச்சிட்டீங்க." குரல் நடுங்கியது. அது பயத்தால் அல்ல. "அது என் வீடு. வாங்க, காட்டுறேன்."

அம்மா போனைப் பிடித்தார். முன்னறை வந்தது. மெஷின் வந்தது. கோழிகள் கேமராவைக் கண்டு கத்திக்கொண்டு ஓடின. சமையலறைத் தூணும் வந்தது.

"படத்துல இல்லாத ஒண்ணு கேக்குறேன்" என்றார் டீச்சர். "அந்தத் தூண் எவ்வளவு உயரம்?"

தீக்குச்சி முக்காலியில் ஏறினாள். அளந்து, குறித்து, மறுபடி அளந்தாள். "ரெண்டு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மேல ஒட்டடை இருக்கு, அதைச் சேக்கல."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார்.

"உன் வீடுதான். ஆனா மத்தவங்களுக்கு எப்படிப் போச்சு?"

"ஒருத்தருக்குப் பாக்கக் கொடுத்தேன். எடுத்துக்கக் கொடுக்கல."

"யாருக்கு?"

"அதை நான் சொல்ல மாட்டேன் டீச்சர்."

"சொல்லித்தான் ஆகணும்."

"வேணும்னா எனக்குப் பூஜ்யமே போடுங்க. சொல்ல மாட்டேன்."

அப்போது திரையில் ஒரு கட்டத்தில் கை உயர்ந்தது. அந்தக் கட்டத்திலிருந்த புத்தக அலமாரி சட்டென்று மறைந்தது. அதன் இடத்தில் கோட்டுகள் தொங்கின.

"நான்தான் டீச்சர்" என்றாள் மைனா. "அவளைக் கேக்காம நான்தான் லீடருக்கு அனுப்பினேன். தப்புதான். இப்ப எங்க வீடு இதான், மாமாவோட கடை. நேத்து அளந்து வரைஞ்சேன்."

தாளைக் கேமராவுக்குக் காட்டினாள். பிறகு ஒரு பையன், "ஏய், அந்தச் சுவரு சாய்ஞ்சிருக்கே! எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். மைனா ஆறு நிமிஷம் மூச்சு விடாமல் விளக்கினாள். டீச்சர் குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"தாமதத்துக்கும் காப்பிக்கும் மார்க் குறைப்பேன்" என்றார் கடைசியில். "ஆனா கணக்கு அருமை." தீக்குச்சியின் பக்கம் திரும்பினார். "கேக்காம உன் வாயை அடைச்சது என் தப்பு. உனக்கு முழு மார்க்."

அதற்குள் லீடரின் கேமரா அணைந்திருந்தது.

"லீடர், கேமராவைப் போடு. படத்தைக் குரூப்புல பரப்பினது யாருன்னு நீயே சொல்லப் போறியா?"

"நான்தான் டீச்சர்" என்று ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"சரி. நீங்க ஒன்பது பேரும் நாளைக்குள்ள அவங்கவங்க வீட்டை அளக்குறீங்க."

"எங்க வீடு ரொம்பப் பெருசு டீச்சர். ஒரு நாள்ல முடியாது."

"அப்படின்னா இப்பவே ஆரம்பி!"

அன்று சாயங்காலம் தீக்குச்சியின் வீட்டு வாசலில் மைனா வந்து நின்றாள்.

"கோபம் போச்சா?"

"இல்ல."

"எப்பப் போகும்?"

"தெரியாது. நாளாகும்."

"அப்ப, போனதுக்கப்புறம் வரட்டுமா?"

தீக்குச்சி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"இப்பவே வா. கோபமாவே பேசிக்கிட்டு இருக்கலாம்."