ருசிக் கிண்ணம்

உச்சிவேளை மணி அடித்தபோது ட்ரோகோ பிரபு உயிரோடு இருந்தார். அடுத்த மணி அடிப்பதற்குள் தரையில் கிடந்தார். பக்கத்தில் கவிழ்ந்த தட்டு. சிந்திய பாதாம்பால் சோற்றை நக்கிய அவருடைய வேட்டைநாயும் கால்களை விறைத்துக்கொண்டு செத்துக் கிடந்தது.

இறந்தவர் அரசரின் தம்பி; வேறு தாய்க்குப் பிறந்தவர் என்றாலும் அரசர் அவரைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பலெர்மோ அரண்மனையே மூச்சை அடக்கிக்கொண்டது.

காயித் தாதேயோ குனிந்து நாயின் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். காயித் என்ற அதிகாரிப் பட்டம் பெற்ற அந்தப்புரத்து அலி அவர், ஐம்பது வயது, அரண்மனைக்குள் எது காணாமல் போனாலும் யார் செத்தாலும் விசாரிப்பது அவர் வேலை. காலையிலிருந்து தலை கனத்தது. ஆப்பிரிக்கக் காற்று நான்கு நாளாக வீசிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

நீதிபதி ஓதோ வாசலில் நின்றபடியே சொன்னார்.

"விசாரிக்க என்னய்யா இருக்கு? தட்டைக் கொண்டுவந்தது அந்தக் கிரேக்கப் பொண்ணு. ருசி பார்த்தவன் உயிரோட இருக்கான். அப்போ விஷம் அதுக்கப்புறம்தானே விழுந்திருக்கணும்?"

"மாலைப் பூசை மணி வரைக்கும் நேரம் கொடுங்க."

"அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. அரசர் கயிறு தயார் பண்ணச் சொல்லிட்டார்."

தாதேயோ சமையல்கூடத்திலிருந்து தொடங்கினார். பானையின் மீதியைச் சமையல்காரர்கள் எல்லோரும் தின்றிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தட்டு அங்கிருந்து நடைவாசலுக்குப் போகும். அங்கே காவல் வீரன் ரைனால்ட் மூடியைத் திறந்து, கத்தி கித்தி ஒளித்திருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பான். அடுத்து ருசி மேசை. அங்கே லூக்கா ஒரு வெண்கலக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துத் தின்று பார்ப்பான். கிண்ணத்தின் மிச்சம் வாசல் காவலருக்கு உரியது. அது பழைய வழக்கம். பணிப்பெண் எவ்தோகியா கிண்ணத்தை ரைனால்டிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து தட்டை உள்ளே கொண்டுபோவாள். மேசையிலிருந்து படுக்கையறை வரை இருபது அடி. அந்த இருபது அடியில் தட்டோடு அவள் மட்டும்தான்.

லூக்காவுக்கு இருபது வயது. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் காயித்."

"எவ்வளவு?"

"எப்பவும் போல… ரெண்டு கரண்டி."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

லூக்கா பார்த்தான். லூக்காவின் உதடும் வெடித்திருந்தது.

அவன் பொய் சொல்கிறான் என்று தாதேயோவுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. இது ரமலானின் இருபதாம் நாள். ஞானஸ்நானம் வாங்கி, புனிதர் பெயர் சூட்டப்பட்டு, ஞாயிறுதோறும் கோயிலில் முழங்காலிடும் அரண்மனைப் பணியாளரில் பாதிப்பேர் பொழுது சாய்ந்தபின்தான் தண்ணீர் தொடுவார்கள். ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. நகரத்து முஸ்லிம்கள் வெளிப்படையாக நோன்பு இருக்கலாம். ஞானஸ்நானம் வாங்கியவன் இருந்தால் தீயில் போடுவார்கள். தாதேயோவும் விடிவதற்கு முன் குடித்த தண்ணீரோடுதான் நின்றுகொண்டிருந்தார்.

லூக்கா ருசி பார்க்கவில்லை என்றால் விஷம் முன்பே இருந்திருக்கலாம். இதைச் சொன்னால் எவ்தோகியா பிழைப்பாள், லூக்கா எரிவான். சொல்லாவிட்டால் அவள் தொங்குவாள்.

ரைனால்ட் வாசல்படியில் உட்கார்ந்து வாளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க தாடி முளைக்காதவரே. என்னையும் சந்தேகமா?"

"கிண்ணம் உங்ககிட்ட வந்துச்சா?"

"வந்துச்சு. வழிச்சு நக்கிட்டேன். ஏலக்காய்தான் கொஞ்சம் தூக்கல்." வயிற்றைத் தட்டிச் சிரித்தான். "பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அந்தப் பொண்ணுதான். அவ முழியே சரியில்ல."

ரைனால்டின் தந்தைக்கு அபூலியாவில் ஒரு கோட்டை இருந்தது. அரசர் அதைப் பறித்துத் தம்பி ட்ரோகோவுக்குக் கொடுத்து மூன்று ஆண்டு ஆகிறது. அரண்மனையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் மட்டும் ஒருவனைத் தூக்கிலிட முடியாது.

எவ்தோகியாவைக் குதிரை லாயத்தில் கட்டிவைத்திருந்தார்கள். முப்பது வயதுக்காரி. அழவில்லை.

"நீ போடலைன்னு எனக்குத் தோணுது. உதவி பண்ணு. கிண்ணத்துல ஏதாவது வித்தியாசம் பாத்தியா?"

லாயத்தில் ஒரு குதிரை செருமியது. ஈக்கள் பறந்தன. அவள் வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிண்ணத்தைப் பத்தி எதுவும் கேக்காதீங்க காயித்."

"உன் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறாங்க, தெரியுதா?"

"தெரியுது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று தாதேயோ நினைத்தார்.

வெயில் சாயத் தொடங்கியது. அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடையிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து நடை என்று சுற்றிக்கொண்டே இருந்தார். நான்காவது சுற்றில், வாசல்படியிலிருந்து பத்தடியில் இருந்த எலுமிச்சைத் தொட்டியருகே காலில் ஏதோ இடறியது. செத்த சிட்டுக்குருவி. தொட்டிக்குள் இன்னொன்று. மண்ணைக் கிளறினார். வெள்ளையாகச் சோற்றுப் பருக்கைகள். ஒரு பிடி, இரண்டு பிடி. அள்ள அள்ள வந்தது. ஒரு கிண்ணம் நிறைய.

தாதேயோ அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

நிறையவா?

பிறகு எழுந்து லூக்காவிடம் போனார். காதோடு காதாகச் சிலவற்றைச் சொன்னார். லூக்காவின் முகம் வெளுத்தது. "அது மட்டும் முடியாது காயித்," என்றான். "முடியணும்," என்றார் தாதேயோ.

மாலைப் பூசை மணிக்குச் சற்று முன் நீதிபதி ஓதோவின் முன்னால் நால்வரும் நின்றார்கள். வெண்கலக் கிண்ணத்தில் மண் படிந்த சோறு இருந்தது. அதன் மேல் இரண்டு சிட்டுக்குருவிகள்.

"ரைனால்ட், நீங்க சாப்பிட்ட சோறுதானே இது? இன்னொரு வாய் சாப்பிடுங்க."

"மண்ணைத் திங்கச் சொல்றியா?"

"மண்ணை ஊதிடலாம். நீங்க வழிச்சு நக்கினதா சொன்ன சோறு எலுமிச்சைத் தொட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

ரைனால்ட் நீதிபதியைப் பார்த்தான். "இன்னிக்குப் பசியில்ல. கொட்டிட்டேன். அது ஒரு குத்தமா?"

"பசியில்லாதவர் சாப்பிட்டேன்னு ஏன் சொல்லணும்? இதுல விஷம் இருக்கு. குருவியைப் பாருங்க. இந்தக் கிண்ணம் அவ இருபதடி நடக்குறதுக்கு முன்னாடியே உங்க கைக்கு வந்துடுச்சு. அப்போ விஷம் மேசைக்கு வரும்போதே இருந்திருக்கு. சமையல்கூடத்துக்கும் மேசைக்கும் நடுவுல மூடியைத் திறந்த கை ஒண்ணுதான்."

"அப்படின்னா லூக்கா எப்படி உயிரோட நிக்கிறான்? அதைச் சொல்லு பாப்போம்!"

தாதேயோ வாயைத் திறக்கவில்லை. நீதிபதியும் பேசவில்லை. ரைனால்டின் நெற்றியில் வியர்வை இறங்கியது. கடைசியில் அவனாலேயே பொறுக்க முடியவில்லை.

"அவன் திங்கவே இல்ல! இருபது நாளா திங்கல! தினமும் கிண்ணம் ததும்பத் ததும்ப என்கிட்ட வருது. நோன்பு இருக்கான் அவன், கள்ளப் பய! அவனை எரிங்க!"

தாதேயோ மெதுவாகக் கேட்டார்.

"இருபது நாளா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்!"

"அரசரோட தம்பிக்கு ருசி பாக்காத சோறு போகுதுன்னு இருபது நாளா தெரியும். யாருகிட்டயும் சொல்லல. தினமும் தின்னீங்க. விஷம் விழுந்த அன்னிக்கு மட்டும் கொட்டிட்டீங்க."

இரண்டு காவலர்கள் ரைனால்டின் தோளைப் பிடித்தார்கள்.

நீதிபதி ஓதோ லூக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா ருசி பாக்கல?"

"வயித்துப்புண் பிரபு. சொன்னா வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"புண்ணு மட்டும்தானே?" நீதிபதி கைதட்டி ரொட்டியும் திராட்சை மதுவும் வரவழைத்தார். "சாப்பிடு. நீயும்தான் காயித். நாள் முழுக்க அலைஞ்சிருக்கே."

வெளியே இன்னும் வெயில் இருந்தது. லூக்கா ரொட்டியைத் தொடவில்லை. தாதேயோ முந்திக்கொண்டு ரொட்டியைப் பிய்த்து மதுவில் நனைத்து வாயில் போட்டார், மென்றார், விழுங்கினார். நாற்பத்திரண்டு வருஷத்தில் ரமலான் பகலில் அவர் விழுங்கிய முதல் கவளம். லூக்காவும் தின்றான். கண்ணில் நீர் வந்தது. புண் எரிகிறதாக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

லூக்காவை ருசி மேசையிலிருந்து லாயத்துக்கு மாற்றினார்கள். எவ்தோகியாவின் கட்டை அவிழ்த்தார்கள்.

பொழுது சாயும்போது தாதேயோ தன் அறை வாசலில் நின்றார். நெஞ்சுக்குள் அந்த ரொட்டி கல்லாகக் கிடந்தது. யாரோ வரும் சத்தம். எவ்தோகியா, மணிக்கட்டில் கயிற்றுத் தடம், கையில் ஒரு குவளைத் தண்ணீர், மூன்று பேரீச்சம்பழம்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிண்ணத்தைத் தினமும் ரைனால்டிடம் கொண்டுபோனவள் இவள். நிறைந்த கிண்ணத்தின் கனம் ரைனால்டைவிட இவள் கைக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

"லாயத்துல நான் கேட்டப்போ…"

"தெரியும் காயித். முதல் நாளே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கட்டை அவுத்திருப்பாங்களே."

"அந்தக் கயித்தாலயே லூக்காவைக் கட்டியிருப்பாங்க." அவள் குவளையைப் படியில் வைத்தாள். "நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு நினைச்சேன். கொஞ்சம் நேரமாக்கிட்டீங்க."

"நான் இன்னிக்கு முறிச்சுட்டேன்," என்றார் அவர். நாற்பத்திரண்டு வருஷத்தில் இதையும் இன்றுதான் ஒருவரிடம் சொன்னார்.

"பாத்தேன். இருந்தாலும் தாகம் இருக்குமில்ல."

நகரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அவள் தலையைத் திருப்பிக் கடல் பக்கம் பார்த்தபடி நின்றாள், அவர் குடித்து முடிக்கும்வரை.