எலும்புக் கைப்பிடி

அல்மீரா கெம்மர் கதவைத் தட்டவில்லை. சால்வையில் ஒட்டிய பனியோடு நேரே உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"என் புருஷன் தன்னையே சுட்டுக்கிட்டார்னு பாதிரியார் சொல்றார். தற்கொலை பண்ணினவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள இடமில்லைன்னு, நாளைக்கு வேலிக்கு வெளியேதான் குழி வெட்டுவாராம். அங்கே ஏற்கெனவே ஒரு குதிரைத் திருடன் கிடக்கான். அவன் பக்கத்துல என் லோவெலா? நீங்கதான் வந்து பார்த்துச் சொல்லணும்."

ஆம்ப்ரோஸ் பெல்நாப் எங்கள் மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரி. இருபது வருடமாகப் பிணங்களோடு பழகிப் பழகிப் பேச்சையே குறைத்துக்கொண்டவர். அவருடைய உதவியாளன் டட்லி பிராக்கெட் அதற்கு நேர் எதிர். வயோமிங்கில் யாராவது தும்மினால்கூட, தும்ம வைத்தவன் யார் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவான். மனசில் கள்ளம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது.

"உட்காருங்கம்மா. காலையில என்ன நடந்துச்சு?" என்றார் பெல்நாப்.

"நாலு நாளா காய்ச்சல்ல கிடந்தார். இன்னைக்குத்தான் எழுந்தார். குதிரையைப் பார்த்துட்டு வர்றேன்னு ஆணியில தொங்கின, துப்பாக்கி செருகின இடுப்பு வாரை எடுத்துக்கிட்டு லாயத்துக்குப் போனார். நான் காப்பி போட்டுக்கிட்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டுச்சு, ஓடினேன்."

"துப்பாக்கியில ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"அவருக்குக் கட்டைவிரல் மூட்டுல வீக்கம். ஒவ்வொரு தடவை சுடறதுக்கும், பின்னால தோட்டாவை அடிக்கற சுத்தியலை விரலால இழுக்கணுமாமே, அப்போ பழைய மரப்பிடி கையைக் குத்துதுன்னு முனகுவார். அதான் அவர் படுத்திருந்தப்போ நானே எடுத்துட்டுப் போய் எலும்புக் கைப்பிடி மாட்டிட்டு வந்தேன். அவர்கிட்ட சொல்லவே இல்லை. எழுந்து பார்த்து அசந்துபோகட்டும்னு..." சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெருநகரமான பாஸ்டனிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

லாயத்தில் கல் பாவிய தரையில் லோவெல் மல்லாந்து கிடந்தான். குண்டு விலாவுக்குக் கீழே நுழைந்து மேல்நோக்கிப் போயிருந்தது. துப்பாக்கி காலடியில் கிடந்தது. இடது கையில் கையுறை இருந்தது. வலது கையுறையைக் கழற்றி இடது கக்கத்தில் இடுக்கியிருந்தான். வாளித் தண்ணீர் அடிவரை உறைந்துபோன காலை அது.

"சுடறதுக்குத்தான் கழற்றியிருப்பார். பாவம், தற்கொலைதான் ஐயா," என்றான் டட்லி.

"கோட்டைப் பாரு. உடம்போட ஒட்டி வச்சுச் சுட்டா துணி கருகியிருக்கணும். எங்கேயாவது கருகியிருக்கா?"

"இல்லையே! அப்போ பக்கத்துப் பண்ணை ஸ்டாரக்தான். ஓடைத் தண்ணித் தகராறு!"

"வாசல்ல பனி மேல ரெண்டே ரெண்டு பேர் தடம். ஒண்ணு லோவெலோடது, இன்னொண்ணு ஓடிவந்த இந்தம்மாவோடது. ஸ்டாரக் என்ன பறந்தா வந்தான்?"

பெல்நாப் துப்பாக்கியை எடுத்தார். சுத்தியலின் நுனியில் கல்லில் அடிபட்ட புதுச் சிராய்ப்பு இருந்தது. தோட்டா போடும் உருளையை ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பார்த்தார். நல்ல தோட்டா ஐந்து, சுட்ட கூடு ஒன்று. இன்னொரு முறை சுற்றி எண்ணினார். அவர் முகம் அப்போதே செத்துவிட்டது.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஃபிங்க்கின் கடைக்கு அவர் தனியாகத்தான் போனார்.

"அந்தம்மா லோவெலோட கையுறையில குதிரைக்குப் போடற ஓட்ஸை அடைச்சு எடுத்துட்டு வந்து, 'இதுதான் அவர் கை'ன்னு வச்சாங்க," என்றார் ஃபிங்க். "எட்டுப் பிடியை அதுல வச்சு வச்சுப் பார்த்தாங்க. எலும்பு வழுக்கும்மா, வரிவரியா வெட்டின மரப்பிடி எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். வரி வலிக்கும்னுட்டு, இந்த எலும்பைக் கன்னத்துல தேய்ச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கிட்டாங்க."

"உருளையில இருந்த தோட்டாவை என்ன பண்ணினே?"

"மாட்டறதுக்கு முன்னாடி உருவி, அஞ்சையும் அவங்க கையிலேயே கொடுத்துட்டேன். ஏன் கேட்கறீங்க?"

பெல்நாப் திரும்பி நடந்தார். கடை வாசலுக்கு வந்து, தொப்பி போடக்கூடத் தோன்றாமல் பனியில் நின்றார்.

சாயங்காலம் அல்மீரா வந்து உட்கார்ந்தாள். டட்லி சுவரோரம் நின்றான்.

"உங்க புருஷன் தன்னைச் சுட்டுக்கலை," என்றார் பெல்நாப். "யாரும் அவரைச் சுடவும் இல்லை. துப்பாக்கி கையிலிருந்து நழுவிச் சுத்தியல் கல்லுல மோத விழுந்திருக்கு. வெடிச்சு, குண்டு கீழேயிருந்து மேலே போயிருக்கு. வெறும் விபத்து. பாதிரியார்கிட்ட பேசிட்டேன், வேலிக்கு உள்ளேதான் அடக்கம். வீட்டுக்குப் போங்கம்மா."

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, "தேவனே, உமக்கு நன்றி," என்றாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடிந்திருக்கக் கூடாதா?

"ஐயா, ஒரு நிமிஷம்!" டட்லி துள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "விழுந்தா எப்படி வெடிக்கும்? இந்த ஊர்ல எவன் ஆறு தோட்டா போடுவான்? சுத்தியலுக்கு அடியில இருக்கற அறை எப்பவும் காலிதானே? லோவெலும் அஞ்சுதான் போடுவார். அப்போ ஆறாவதை யாரோ வேணும்னே போட்டிருக்கான்! கொலைதான் ஐயா, நான் அப்பவே..."

"வாயை மூடுடா!"

பெல்நாப் கத்தி எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. டட்லி பின்வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டான். ஆனால் அல்மீரா கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

"காலியா விடணுமா? எதுக்கு?"

அவள் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுத்தியல் தோட்டா மேலேயே உட்கார்ந்திருக்கும்மா. கீழே விழுந்தா வெடிச்சிடும். அதனால அஞ்சு போட்டு, காலி அறை மேல சுத்தியலை இறக்கி வைப்பாங்க. அடுத்தவன் துப்பாக்கியை இங்கே யாரும் தொடமாட்டாங்க. அதான் அவரும் திறந்து பார்க்கலை."

"ஃபிங்க் அஞ்சுதான் கொடுத்தார்," என்றாள் அவள் மெல்ல. "பார்த்தா ஆறு ஓட்டை. ஒண்ணு வழியில விழுந்துடுச்சு போலன்னு நினைச்சேன். அவருக்குக் குறையா இருக்கக் கூடாதேன்னு அவர் பெட்டியிலிருந்து ஒண்ணு எடுத்து..."

டட்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எந்தக் கொலைகாரனை இத்தனை ஆசையாய்த் தேடினானோ, அவள் முகத்தை அவனால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"உங்க தப்பு இல்லைம்மா. உங்களுக்குத் தெரியாது," என்றார் பெல்நாப். யாருக்கும் உதவாத வார்த்தை என்று அவருக்கே தெரியும்.

"அந்தக் கைப்பிடி அவருக்குப் பிடிச்சிருந்துச்சா?"

பெல்நாப் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த வலது கையுறையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். விரல் நுனியிலிருந்து இரண்டு ஓட்ஸ் மணிகள் உதிர்ந்தன.

"அந்தக் குளிர்ல இதைக் கழற்றிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, வெறுங்கையால பிடிச்சுப் பார்த்திருக்கார். பிடிச்சிருந்துச்சும்மா."

அவள் இரண்டு மணிகளையும் பொறுக்கிக் கையுறைக்குள்ளேயே திரும்பப் போட்டாள். அதை மடித்து எடுத்துக்கொண்டு கதவுவரை போய் நின்றாள்.

"பாதிரியார்கிட்ட சொல்லுங்க," என்றாள். "வேலிக்கு வெளியே அவருக்குப் பார்த்து வச்ச இடத்தை அப்படியே விட்டு வைக்கட்டும். அது எனக்கு வேணும்."