சப்பட்டை சாசேஜும் வெள்ளிக்கிழமை சூப்பும்

கஜந்தியின் வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கிழமைக்கு மாறிப் பல காலமாகிவிட்டது.

எல்லாம் குவைத்துக்கு வந்ததால்தான். கஜந்தியின் அப்பாவுக்கு இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வீட்டில் இருக்கும் அந்த ஒரு நாளும் கோழி கிடையாதா என்று அவர் மூக்கால் அழுதார். அம்மா கோசலா சாமிப் படத்தின் முன் நின்று, "பிள்ளையாரே, கோவிக்காதையுங்கோ. இனி செவ்வாய்க்கிழமை பிடிக்கிறம்" என்று சொல்லிவிட்டார். பிள்ளையார் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாசியா என்ற பகுதியில் அவர்கள் இருந்த ஃபிளாட்டில் இரண்டு குடும்பங்கள். ஓர் அறையில் கஜந்தி, அம்மா, அப்பா. மற்ற அறையில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த உமாராணி ஆன்டியும் அவர் கணவரும். கணவருக்கு வெள்ளிக்கிழமையும் வேலை உண்டு. சமையலறை இரண்டு குடும்பத்துக்கும் பொது.

பள்ளிக்கூடம் விட்டதும் கஜந்தியையும் கீழ்வீட்டு ஆமிராவையும் உமாராணி ஆன்டிதான் பார்த்துக்கொள்வார். தலை பின்னி விடுவார், கணக்குப் போட வைப்பார். சண்டை வந்தால், யார் பக்கம் தப்பு என்றெல்லாம் பார்க்காமல் இருவரையும் சேர்த்துத் திட்டுவார்.

அந்த ஆமிரா நாளைக் காலையில் ஊர் மாறப் போகிறாள். அவளுடைய வாப்பாவுக்கு சவூதியில், அல் கோபாரில் புது வேலை. அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அதனால் சில நாட்களாக அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தாள்.

"போறதுக்கு முன்னால நாம அந்த சூப்பைச் செஞ்சு, எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். வேற எதுவும் வேணாம் எனக்கு" என்றாள்.

அந்த சூப்பை அவர்கள் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார்கள். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே பானையில் சாசேஜும் கேல் கீரையும் வெள்ளை பீன்ஸும் கொதிக்கின்றன. குவைத்தில் பனி ஏது? ஆனாலும் இன்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. சாக்ஸ் போடாமல் தரையில் கால் வைக்க முடியாத குளிர். சூப்புக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

இரவே ஊறப்போட்ட பீன்ஸ் குக்கரில் வெந்துவிட்டது. அம்மா வெங்காயமும் பூண்டும் கேரட்டும் வதக்கிக்கொண்டிருந்தார். கஜந்தி கேல் கீரையைக் காம்பு நீக்கிக் கிள்ளினாள்.

"இதென்ன கீரை, தலை சீவாமல் வந்த மாதிரி?" என்றார் அம்மா.

ஆமிரா கோழி சாசேஜ் பாக்கெட்டைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தாள். அப்போது உமாராணி ஆன்டி பால் காய்ச்ச உள்ளே வந்தார். ஈரத்தலை, நெற்றியில் குங்குமம். பாக்கெட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ, உமா!" அம்மா தலையில் கை வைத்தார். "நீங்கள் விரதமெல்லோ! வெள்ளியெண்டால் தம்பி வீட்டுக்குப் போயிடுவீங்கள் எண்டு நினைச்சிட்டன்."

"மழையில எங்கக்கா போறது? பரவால்ல. எங்கிட்ட ரொட்டியும் தயிரும் இருக்கு. பிள்ளைங்க ஆசையா செய்யுதுங்க, செய்யட்டும்." ஆன்டி சிரித்துக்கொண்டே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆமிராவின் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும்னு சொன்னேனே. ஆன்டி இல்லாம எப்படி?"

கஜந்தி சாத்திய கதவைப் பார்த்தாள். இந்தக் குளிரில் ஆன்டி தனியாக உட்கார்ந்து தயிர் சாப்பிடுவதா? அவள் பானையைப் பார்த்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள்.

"ஆமிரா, வெட்டாதை! சாசேஜ் ஏன் பானைக்குள்ள போகவேணும்? கிண்ணத்துக்குள்ள போனால் போதுமே!"

"புரியலையே."

"சூப்பைச் சைவமாச் செய்வம். சாசேஜை உங்கட வீட்டில பொரிப்பம். வேணுமெண்ட ஆக்கள் கிண்ணத்தில போட்டுச் சாப்பிடட்டும்."

இருவரும் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். கீழே ஆமிராவின் வாப்பா மீராசா அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாப்பா, தோசைச் சட்டி எங்கே?"

"பெட்டிக்குள்ள."

"எந்தப் பெட்டி?"

மீராசா கூரையைத் தொடுகிற அளவுக்கு அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "அது அல் கோபாருக்குப் போனாத்தான் தெரியும்."

வெளியே மிஞ்சியிருந்தது காலையில் ரொட்டி சுட்ட சாண்ட்விச் டோஸ்டர் மட்டும்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் டேப்பைக் கீழே போட்டார். "அதுலயே வைங்க. யல்லா, சீக்கிரம்!"

சாசேஜ்களை வைத்து மூடியை அழுத்தினார்கள். உள்ளே ஒரே சடசடப்பு. திறந்தபோது உருண்டையாக இருந்தவை எல்லாம் சப்பட்டையாகி, முதுகில் வரி வரியாகக் கோடு விழுந்து கிடந்தன.

"லாரி ஏறின மாதிரி இருக்கு" என்றாள் ஆமிரா. சில நாட்களாக அழுமூஞ்சியாக இருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேலே வந்து கஜந்தி சூப்பை ருசி பார்த்தாள். சப்பென்று இருந்தது. சாசேஜ் இல்லாத குறை நன்றாகவே தெரிந்தது.

"அம்மா, நீங்கள் கீரை கடையிற மத்தைத் தாங்கோ."

பானையிலிருந்து கொஞ்சம் பீன்ஸை எடுத்து, நன்றாகக் கடைந்து, திரும்பப் பானையில் கொட்டினாள். சூப் கெட்டியானது. மிளகுத்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்தாள். இப்போது வாசம் ஆன்டியின் கதவு வரைக்கும் போனது.

மீராசா மதிய ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் ஆன்டியின் கதவைத் தட்டினார்கள்.

"ஆன்டி, பானையில மரக்கறி மட்டும்தான் இருக்கு. உங்களுக்குத்தான் முதல் கிண்ணம்" என்றாள் கஜந்தி.

உமாராணி ஆன்டி பானையை எட்டிப் பார்த்தார். தள்ளி, தனித் தட்டில் கிடந்த சப்பட்டை சாசேஜ்களைப் பார்த்தார். இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார். "வாலுங்களா!" என்று இருவரையும் சேர்த்தே திட்டினார்.

ஆன்டி மூன்று கிண்ணம் குடித்தார். அப்பா, கோழி சாசேஜ் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டதால் அம்மாவிடம் திட்டு வாங்கினார். ஆமிரா கஜந்திக்கும் ஆன்டிக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அல் கோபாரிலிருந்து வீடியோ கால் வந்தது. ஆமிராவின் முன்னால் ஒரு பானை நிறைய சூப். பக்கத்தில் தனித் தட்டில் வரி விழுந்த சப்பட்டை சாசேஜ்.

"இப்பத்தான் தோசைச் சட்டி இருக்குமே! பிறகேன் டோஸ்டரில சுட்டனி?" என்று கேட்டாள் கஜந்தி.

"இப்படிச் சுட்டாத்தான் அது நம்ம சூப்."

"தட்டு ஏன் தனியா இருக்கு?"

"எதிர் வீட்டுல மதுரவாணின்னு ஒரு பொண்ணு. வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டாளாம். கூப்பிடறதுக்கு முன்னாலயே கேட்டுட்டேன்!"

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு புது முகம் கரண்டியை ஆட்டியது. இந்தப் பக்கம் உமாராணி ஆன்டியும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

"சரி, சூப் ஆறுது. அப்புறம் பேசறேன்" என்று ஆமிரா அவசரமாகப் போனை வைத்துவிட்டாள்.

கஜந்திக்குக் கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லை.