கதைக்கு முன்னே வந்த சிரிப்பு

கீர்த்தி ஹெட்போனைக் கழற்றி வகுப்புத் தோழன் ஜெஸ்வினிடம் நீட்டினாள். "நீயே கேளு."

கேட்டுவிட்டு அவன் புருவத்தை உயர்த்தினான். "உங்கம்மா இன்னும் கதைய முடிக்கவே இல்ல. அதுக்குள்ள யாரோ சிரிக்கிறாங்க."

"அது கோவிந்தம்மா அத்த."

மூன்று மாதத்துக்கு முன்புவரை கீர்த்தியின் வீடு கல்மண்டபத்தில் இருந்தது. மாடி வீட்டில் கோவிந்தம்மா. வீட்டை இடித்துக் கட்டப் போவதாக உரிமையாளர் சொன்னதும், இவர்கள் எண்ணூருக்கு வந்தார்கள். கோவிந்தம்மா மணலிக்குப் போனார்.

கடைசி நாள் காலையில் அம்மா பம்பு அடித்துக்கொண்டே, பூனை வஞ்சிரம் மீனைத் திருடிய கதையைச் சொன்னார். கீர்த்தி கீழே நின்று அதைக் கைபேசியில் பதிவு செய்தாள். மாடியில் துணி உலர்த்திய கோவிந்தம்மா விழுந்து விழுந்து சிரித்ததை, கீர்த்தியின் தோழி மகிமா மேலேயிருந்து பதிவு செய்தாள்.

எண்ணூர் வந்தபிறகு அம்மா யாரிடமும் கதை சொல்லவில்லை.

இன்று அம்மாவின் பிறந்தநாள். ஐந்து மணிவரை பள்ளிக் கணினியைப் பயன்படுத்த ஃப்ளோரா டீச்சர் அனுமதித்திருந்தார். கீர்த்தி இரண்டு பதிவுகளையும் மேலும் கீழுமாகப் பொருத்தி வைத்தாள். சரியாகத்தான் இருந்தது. நடுவில் மகிமா விடாமல் இருமியதை வெட்டினாள். அவ்வளவுதான். பின்னால் இருந்த சிரிப்பு முன்னால் ஓடி வந்துவிட்டது.

"பேசாம சிரிப்பைத் தூக்கிடு. மணி நாலே முக்கால்," என்றான் ஜெஸ்வின்.

"அத்த சிரிக்கலன்னா, அம்மா தனியா பேசற மாரி கீதுடா."

வெட்டியதை ரத்து செய்தாள். இருமல் திரும்பி வந்தது. திரையின் மேலே வரிசையாக நின்ற பொத்தான்களைப் பார்த்தாள். 'ஷஃபிள்' என்பது பச்சையாக எரிந்தது. வெட்டினால் பின்னால் இருப்பதை முன்னால் இழுத்து ஒட்டிவிடும் முறை அது. அதை விட்டுப் பக்கத்திலிருந்த 'ஸ்லிப்'பை அழுத்தி, மறுபடி இருமலை வெட்டினாள்.

இம்முறை எதுவும் நகரவில்லை. வெட்டிய இடம் வெறுமையாகவே நின்றது. கீழ்ப் பதிவின் பம்பு சத்தம் அந்த இடைவெளியில் கிரீச் கிரீச் என்று கேட்டது. கதை முடிந்தது. அப்புறம்தான் சிரிப்பு வந்தது.

ஜெஸ்வினும் சிரித்துவிட்டான்.

மாலையில் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கீர்த்தி பாட்டை ஓடவிடுவதுபோல், கைபேசியில் ஏற்றி வந்த பதிவை ஓடவிட்டாள்.

அம்மாவின் கை நின்றது. முடியும்வரை அசையவில்லை.

"இன்னொரு வாட்டி போடு," என்றார். மூன்றாவது முறை கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்டி சிரிக்கிறா பாரு."

"போன் பண்ணும்மா."

"இத்தினி நாள் பண்ணாம, இப்ப இன்னான்னு பேசறது?"

கீர்த்தி எண்ணை அழுத்தி, கைபேசியை அம்மாவின் காதில் வைத்தாள்.

"கோவிந்து, நான் கன்னியம்மா..." என்றார் அம்மா.

மறுமுனையில் கோவிந்தம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. "இப்பதான் ஞாபகம் வந்துச்சா? ஞாயித்துக்கெழம வரேன். எந்த பஸ்ஸுல ஏறணும், அத சொல்லு மொதல்ல."

அம்மா பஸ் எண்ணை இரண்டு தடவை சொன்னார்.